பழைய காரின் அடிப்பக்கத் துரு: சுரண்டாமல் பூசாதீர்கள்

ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்; வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு கட்டாயம். பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு 'டங்'கென்று ஒலிக்கும். உளுத்த தகட்டில் சத்தம் மந்தமாக வரும். முனையால் குத்தினால் பொத்துக்கொள்ளும். அங்கே வெல்டிங்தான். சேஸிஸிலோ (வண்டியின் அடிச்சட்டம்) சஸ்பென்ஷன் மவுண்டிலோ (ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடம்) பட்டி (குழி நிரப்பும் பசை) வைத்து மூடுவது உயிரோடு விளையாடுவது.

மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் 80 நம்பர் உப்புத்தாளாலும் தேயுங்கள். குழிகளில் மிஞ்சியதற்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவோடு வினைபுரிந்து அதை மாற்றும் திரவம்) பூசுங்கள், துரு கறுத்துவிடும். காய்ந்ததும் கன்வெர்ட்டர் டப்பாவில் சொன்ன பிரைமர் 2 கோட், தகடு சேரும் இடங்களில் சீம் சீலர் (இடுக்கை அடைக்கும் பசை), அதன் பிறகே அண்டர்கோட் (அடிப்பக்கத்தைக் காக்கும் தடித்த பூச்சு).

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: துருவின் மேலேயே ரப்பர் பூச்சு அடித்துவிடுவார்கள். பூச்சில் சிறு விரிசல் விட்டால் போதும், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தகட்டைத் தின்னும். வெளியே எல்லாம் சரியாகவே தெரியும்.

சைலன்சர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ் மீது பூச்சு படக்கூடாது. கதவுக்கு அடியிலுள்ள பெட்டிப் பகுதிக்குள் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.