டெம்பரேச்சர் முள் சொல்வது உண்மையா? நீங்களே சோதிக்கும் முறை

டேஷ்போர்டில் 'சி'க்கும் 'ஹெச்'சுக்கும் நடுவில் நிற்கும் முள்ளை நாம் வெப்பமானி என்றே நினைக்கிறோம். இப்போதைய பெரும்பாலான கார்களில் அது அப்படி இல்லை. சென்சார் அனுப்பும் அளவை வண்டியின் கம்ப்யூட்டர் வாங்கி, சீராக்கி, அப்புறம்தான் முள்ளை நகர்த்துகிறது. கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் முள் நடுவுக்கு வந்துவிடும். பல கார்களில் 105 டிகிரி தாண்டினாலும் அங்கிருந்து அசையாது. மேட்டில் ஏறும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் சூடு கொஞ்சம் ஏறி இறங்குவது சகஜம். அதற்கெல்லாம் முள் ஆடினால் ஓட்டுகிறவர் பயந்துவிடுவார் என்றுதான் இந்த ஏற்பாடு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சூடு மெல்ல ஏறத் தொடங்குவதைத்தானே முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்?

சரி, உங்கள் காரில் முள் எதை மறைக்கிறது என்று பார்ப்போம். ஓபிடி அடாப்டர் (வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து அளவுகளைப் படித்து போனுக்கு அனுப்பும் சிறு கருவி) ஒன்றும், அதன் அளவுகளைக் காட்டும் செயலி உள்ள போனும் போதும். ஐபோன் என்றால் அதற்கு ஒத்துவரும் அடாப்டர்தானா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண ப்ளூடூத் அடாப்டர்கள் பல அதில் இணையாது.

படி 1: ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் அடாப்டரைச் செருகி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். செயலியில் 'என்ஜின் கூலன்ட் டெம்பரேச்சர்', 'இன்டேக் ஏர் டெம்பரேச்சர்' (என்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு) இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

படி 2: முதலில் சென்சாரை நம்பலாமா என்று பாருங்கள். இரவு முழுக்க நிறுத்திவைத்த வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் நிறைய இருந்தால் ஏதோ ஒரு சென்சார் தவறாகக் காட்டுகிறது. கூலன்ட் அளவு -40 என்று வந்தால் பெரும்பாலும் வயர் விட்டுப்போயிருக்கும்.

படி 3: திறந்த வெளியில், ஏசியை அணைத்துவிட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். முள் நடுவுக்கு வந்ததும் போனில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறக்கும்போது (பொதுவாக 82 முதல் 92 டிகிரிக்குள்) எண் ஏறும் வேகம் குறையும், சில நேரம் சற்று இறங்கவும் செய்யும். ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கும்போது இன்னொரு முறை குறியுங்கள். இரண்டு எண்களுக்கும் இடையில் முள் அசைந்ததா? அசையாவிட்டால் அந்த இடைவெளி முழுவதையும் முள் உங்களுக்குச் சொல்லாமல் விடுகிறது. மேல் எல்லையைப் பார்க்கிறேன் என்று வேண்டுமென்றே வண்டியைச் சூடாக்க வேண்டாம்.

படி 4: அடுத்து, ஓடும் வண்டியில் பாருங்கள். போனைப் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். வழக்கமான பாதையில் வரும் அதிகபட்ச எண்தான் உங்கள் காரின் இயல்பு. பின்னொரு நாள் அதே பாதையில் பத்து டிகிரி கூடுதலாக வந்தால், முள் நடுவில் இருந்தாலும் கூலிங் சிஸ்டத்தைப் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், நிற்கும் வண்டியில் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும்.

ஆனால் போனில் தெரியும் எண்ணும் கூலன்ட்டின் சூடுதான். சிலிண்டர் ஹெட்டின் உலோகம் அதைவிடச் சூடாக இருக்கும். ஆயிலோ, குளிர்ந்த வண்டியை எடுக்கும்போது, கூலன்ட்டைவிடத் தாமதமாகவே சூடேறும். முள் நடுவுக்கு வந்த உடனே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பது அதனால்தான் சரியில்லை.

இதைவிட மோசமான நிலைமை ஒன்று உண்டு. கூலன்ட் ஒழுகிக் காலியானால் சென்சார் காற்றில் தொங்கும். என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள்ளும் எண்ணும் கீழே இறங்கக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று 'சி' பக்கம் சாய்ந்து, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியை அப்போது தொடாதீர்கள். உள்ளே ஒரு பார் (ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு) கூடுதல் அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து மேலே சீறும். நன்றாக ஆறிய பிறகு முதலில் கூலன்ட்டின் ரிசர்வ் டேங்கில் அளவைப் பாருங்கள்.