சேஜ் என்ற மூலிகையின் இலைச் சாற்றில் உள்ள ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனை அளப்பது எப்படி?

நிழலில் உலர்த்திய சேஜ் இலைத்தூள் 10 கிராமை 70% எத்தனால் 100 மி.லி.யில் 24 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். வெறும் தண்ணீர் போதாது; சேஜின் இரு முக்கியத் தடுப்பான்களில் ரோஸ்மரினிக் அமிலம் இறங்கும், கார்னோசிக் அமிலம் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடும்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பான் பட்டால் ஊதா நிறம் இழக்கும் வேதிப்பொருளான டி.பி.பி.எச். 3.94 மி.கி.யை 100 மி.லி. மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார் ஊதாக் கரைசல். அதில் 3 மி.லி.யுடன் நீர்த்த சாறு 1 மி.லி. கலந்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சுதலை அளவிடுங்கள். ஊதா வெளுக்க வெளுக்கத் திறன் அதிகம்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: சாற்றின் சொந்த நிறமும் ஒளியை உறிஞ்சும். டி.பி.பி.எச். இல்லாமல் சாற்றை மட்டும் மெத்தனாலில் கலந்து அளந்து, அதைக் கழியுங்கள்.

இதே சாறு, நரம்புச் சைகைப் பொருளான அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியைத் தடுக்கிறதா என்று 412 நானோமீட்டரில் பார்ப்பதில் தொல்லை இன்னும் கூடுதல். கரைப்பானே நொதியை அடக்கிவிடும். சாறில்லாமல், அதே அளவு கரைப்பான் மட்டும் சேர்த்த குழாய் ஒன்று கட்டாயம்.