பெங்களூர் சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டுனா என்ன பண்றதுன்னு தண்ணியே குடிக்காம இருக்கீங்களா?

நான் பொறந்து வளந்தது விருதுநகர். அங்க தண்ணி குடின்னு யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதே இல்ல, வெயில்ல பத்து நிமிஷம் நடந்தா நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும், வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கை தானா பானைக்கு போயிடும். பெங்களூர் வந்து ஏழு வருஷம் ஆச்சு, இங்க அந்த தாகமே எடுக்க மாட்டேங்குது. கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கிற ஊரு, ஜூலை மாசம் ஃபேன் போடாம போர்வைய இழுத்து போத்திக்கிறோம், ஆபீஸ் போனா ஏசி, வேர்த்தாத்தானே தாகம் எடுக்கும். ஆனா மூச்சு வழியா, தோல் வழியா, யூரின் வழியா தண்ணி வெளிய போறது குளிர் ஊர்லயும் நிக்காது. ஊர்ல இருந்து இங்க வர்ற பாதி பேர் ஏமாறுறது இதுலதான், தாகம் இல்லயே அப்ப தண்ணியும் வேணாம்னு விட்டுடறது.

இது கூட பரவால்ல. இதவிட பெரிய தப்பு ஒண்ணு நான் பண்ணிட்டு இருந்தேன், நீங்களும் பண்ணிட்டு இருக்க வாய்ப்பு இருக்கு. எனக்கு ஆபீஸ் பெல்லந்தூர், வீடு பிடிஎம். சாயங்காலம் ஆறு மணிக்கு கேப், மழை பெஞ்சுதுன்னா சில்க் போர்டு தாண்டவே ஒரு மணி நேரம், சில நாள் அதுக்கும் மேல. நடு ரோட்டுல எங்க இறங்கி எங்க போறது? ஒரு தடவ மாட்டி அனுபவிச்சதுல இருந்து மூணு மணிக்கு மேல தண்ணி பாட்டில தொடறதில்லன்னு ஒரு ரூல் போட்டுக்கிட்டேன், அப்புறம் மீட்டிங் இருந்தா காலைலயும் வேணாம், டூ வீலர்ல ஷாப்பிங் போறோமா அன்னைக்கும் வேணாம். இப்படி பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்து பாத்து தண்ணி குடிக்கிற பொழப்பாயிடுச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஐயையோ இன்னைக்கு தண்ணியே குடிக்கலயேன்னு குற்ற உணர்ச்சில ஒரு பாட்டில மடக்கு மடக்குன்னு காலி பண்றது, அப்புறம் ரெண்டு மணிக்கு ஒரு தடவ நாலு மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு போறது, காலைல தூக்கம் பத்தாம கண்ணு எரிய ஆபீஸ் போறது.

போன வருஷம் ஒரு நாள் நீர்க்கடுப்பு பிடிச்சுக்கிச்சு. போகணும் போகணும்னு தோணும், போனா நாலு சொட்டு, அதுவும் மிளகாய்ப்பொடி தடவுன மாதிரி. அம்மாவுக்கு போன் போட்டா உடம்பு சூடு, கால் பெருவிரல் நகத்துல சுண்ணாம்பு தடவிக்கோன்னாங்க. நானும் ராத்திரி ஒம்போது மணிக்கு பீடா கடைல போய் சுண்ணாம்பு மட்டும் குடுங்கன்னு கேட்டு, அந்த ஆளு ஒரு மாதிரி பாத்துட்டு வெத்தலைல கொஞ்சம் தடவி சும்மாவே குடுத்தாரு. ரெண்டு பெருவிரலும் வெள்ளையா ஆச்சு, எரிச்சல் அப்படியேதான் இருந்துச்சு. சுண்ணாம்பால எனக்கு கெடுதல் ஒண்ணும் வரல, ஆனா அத நம்பி ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன் பாருங்க அதுதான் கெடுதல்.

டாக்டர் கிட்ட போனா அவங்க கன்னடம், நான் எனக்கு தெரிஞ்ச கன்னடத்துல 'உரி உரி'ன்னேன், அங்க எரிச்சலுக்கு அதுதான் வார்த்தை. அவங்க கேட்ட முதல் கேள்வி எத்தன லிட்டர் குடிக்கிறன்னு இல்ல, காலைல வீட்ட விட்டு கிளம்பினதுல இருந்து சாயங்காலம் திரும்பி வர்ற வரைக்கும் எத்தன தடவ யூரின் போறன்னு. யோசிச்சு பாத்தேன், ரெண்டு தடவ, சில நாள் ஒண்ணுதான்.

அவங்க விளக்குனத எனக்கு புரிஞ்ச மாதிரி சொல்றேன். பொம்பளைங்களுக்கு யூரின் வெளிய வர்ற குழாய் 4 செ.மீ. தான், ஆம்பளைங்களுக்கு 20 செ.மீ. கிட்ட. குடல்ல சாதாரணமா இருக்கிற ஈ கோலைங்கிற கிருமிக்கு அந்த 4 செ.மீ. ஏறி வர்றது பெரிய தூரம் இல்ல. அடிக்கடி யூரின் போறப்போ ஏறி வந்தது அடிச்சுட்டு வெளிய போயிடும், மணிக்கணக்கா தேக்கி வெச்சா உள்ளயே குடும்பம் நடத்தும். 2018ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில அடிக்கடி இந்த யூரின் தொற்று வர்ற, தண்ணி கம்மியா குடிக்கிற 140 பொம்பளைங்கள எடுத்துக்கிட்டு, பாதி பேர மட்டும் தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிக்க சொல்லியிருக்காங்க. ஒரு வருஷத்துல மத்தவங்களுக்கு சராசரியா 3.2 தடவ வந்தது இவங்களுக்கு 1.7 தடவதான் வந்துச்சாம். வெறும் தண்ணி, மாத்திரை கூட இல்ல.

நம்ம ஊர் சித்த வைத்தியத்துலயும் அடக்கக்கூடாத வேகம், அதாவது உடம்பு தானா தள்ளுற உந்துதல், 14ன்னு ஒரு கணக்கு இருக்கு, அதுல சிறுநீரும் ஒண்ணு. எங்க பாட்டி அதையே சுருக்கமா ரெண்டையும் அடக்காதடின்னு சொல்லும்.

மருந்து விஷயத்துல நாம பண்ற கூத்து தனி. மெடிக்கல் ஷாப்ல போய் எரிச்சலா இருக்குன்னு சொல்லி ஒரு சிரப் வாங்கி குடிக்கிறது, எரிச்சல் கொறஞ்சதும் சரியாயிடுச்சுன்னு விட்டுடறது. அந்த சிரப் எரிச்சல தணிக்கும், கிருமிய கொல்லாது. ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்கன்னா ரெண்டே நாள்ல நல்லாத்தான் இருக்கும், அப்பவும் சொன்ன நாள் வரைக்கும் போட்டு முடிக்கணும். போன தடவ குடுத்த மாத்திரை மிச்சம் இருக்குன்னு அத எடுத்து முழுங்குறது, ஃப்ரெண்டுக்கு குடுத்தத நாம போடுறது ரெண்டும் வேணாம். யூரின்ல எந்த கிருமி இருக்குன்னு பாக்கிற கல்ச்சர் டெஸ்ட் சொன்னா மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சாம்பிள் குடுத்துடுங்க, முதல்ல வர்றத விட்டுட்டு நடுவுல வர்றத பிடிச்சு குடுக்கணும். ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும். குளிர் ஜுரம், விலாவுல இல்ல முதுகு பக்கம் வலி, வாந்தி, யூரின்ல ரத்தம், இல்ல சுத்தமாவே வரல, மாசமா இருக்கிறவங்க, இவங்க எல்லாம் நாளைக்கு பாக்கலாம்னு இருக்கவே கூடாது, கிருமி கிட்னி வரைக்கும் போயிருக்கலாம்.

டாக்டரம்மா எனக்கு ஒரு ஹோம்வொர்க் குடுத்தாங்க. மூணு நாளைக்கு எத்தன மணிக்கு எவ்ளோ குடிச்ச, எத்தன மணிக்கு எவ்ளோ போனன்னு எழுதிட்டு வான்னு. பழைய பச்ச கலர் பிளாஸ்டிக் மக்கு ஒண்ண எடுத்து, கிச்சன்ல இருந்து அளவு கப்ல 100 மில்லி 100 மில்லியா தண்ணி ஊத்தி மார்க்கர் பேனால கோடு போட்டேன். ஆபீஸ் நாள்ல அத தூக்கிட்டு போக முடியாது, அதனால வெள்ளிக்கிழமை ஒர்க் ஃப்ரம் ஹோம், சனி ஞாயிறு. வீட்ல இருந்தும் பழக்கம் போகல, எழுதி பாத்தப்பதான் தெரிஞ்சுது. வெள்ளிக்கிழமை மொத்தமா 1.7 லிட்டர் குடிச்சிருக்கேன், கணக்கு பாத்தா மோசம் இல்ல, ஆனா அதுல 1.1 லிட்டர் ராத்திரி எட்டு மணிக்கு மேல. பகல்ல ரெண்டே தடவ, ரெண்டும் 400 மில்லி கோட்ட தாண்டி. சாதாரணமா பெரியவங்களுக்கு மூத்திரப்பை 400ல இருந்து 600 மில்லி வரைக்கும் தாங்கும், 200 சேர்ந்தாலே லேசா போகணும்னு சொல்லும். எனக்கு அது சொல்றத கேக்காம இருந்து பழகிடுச்சு. பொதுவா ஒரு நாளைக்கு ஆறுல இருந்து எட்டு தடவ போனா சரி, மூணு நாலு மணி நேரத்துக்கு மேல பகல்ல இடைவெளி விட வேணாம்.

எத்தன லிட்டர் குடிக்கணும்ங்கிறதுக்கு வாட்ஸ்அப்ல ஆளுக்கு ஒரு கணக்கு. எட்டு கிளாஸ் கதை எங்க இருந்து வந்துச்சுன்னா, 1945ல அமெரிக்காவுல ஒரு உணவுக் குழு ஒரு நாளைக்கு சுமார் 2.5 லிட்டர் தண்ணி வேணும்னு எழுதினாங்க, அடுத்த வரிலயே அதுல பெரும்பகுதி சாப்பாட்டுலயே வந்துடும்னும் எழுதினாங்க, அந்த அடுத்த வரிய யாரும் படிக்கல போல. ஐரோப்பாவுல 2010ல சொன்ன கணக்கு பொம்பளைங்களுக்கு 2 லிட்டர், ஆம்பளைங்களுக்கு 2.5 லிட்டர், அதுவும் சாப்பாட்டுல வர்றதையும் சேத்துதான், அதுவும் அங்க இருக்கிற குளிருக்கு. நம்ம சோத்துலயே ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணி, மேல ரசம், சாம்பார், மோர். காபி டீ கணக்குல வராதுன்னு சொல்றதும் தப்பு, ரெண்டு மூணு டம்ளர் ஃபில்டர் காபி தண்ணிய ஒண்ணும் உறிஞ்சிடாது, அதுவும் தண்ணிதான். ஆனா மூத்திரப்பை ஏற்கனவே எரிச்சல்ல இருக்கிறவங்களுக்கு காபி அடிக்கடி ஓட வைக்கும், அப்ப மட்டும் கொறச்சுக்கோங்க. நின்னுட்டு தண்ணி குடிச்சா கிட்னி போயிடும்னு வர்ற ஃபார்வர்டுக்கு எந்த ஆதாரமும் இல்ல, எங்க பெரியப்பா அனுப்புறத நான் திறக்கிறதே இல்ல.

கலர பாருங்க, அது போதும். வெளிர் மஞ்சள்னா சரியா இருக்கீங்க, கடுகு எண்ணெய் மாதிரி அடர்த்தியா இருந்தா பத்தல, நாள் முழுக்க பச்சத்தண்ணி மாதிரியே போச்சுன்னா அளவுக்கு மீறி குடிக்கிறீங்க. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டா பளிச்சுனு மஞ்சளா போகும், பீட்ரூட் சாப்ட்டா சிலருக்கு சிவப்பா போகும், பயந்துடாதீங்க. பீட்ரூட்டும் சாப்பிடாம சிவப்பா போச்சுன்னா, வலி இல்லாட்டியும் டாக்டர பாக்கணும்.

அளவுக்கு மீறி குடிச்சா என்ன ஆகும்னு கேக்கலாம். கிட்னியால ஒரு மணி நேரத்துக்கு சுமார் ஒரு லிட்டர் வரைக்கும்தான் வெளிய தள்ள முடியும். அதுக்கு மேல ஊத்துனா ரத்தத்துல சோடியம் கரைஞ்சு கொறஞ்சுடும், தலவலி, வாந்தி, ஃபிட்ஸ் வரைக்கும் போகும். 2007ல அமெரிக்காவுல ஒரு ரேடியோ போட்டி, தண்ணி குடிச்சுகிட்டே இருக்கணும், ஒண்ணுக்கு போகாம கடைசி வரைக்கும் தாங்குறவங்களுக்கு வீடியோ கேம் பெட்டி பரிசு, கலந்துக்கிட்ட ஒரு அம்மா அன்னைக்கே செத்துப் போனாங்க. அதனால விட்டத பிடிக்கிறேன்னு ராத்திரி மொத்தமா குடிக்காதீங்க. இன்னொண்ணு, இதய நோய், கிட்னி கோளாறு, டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு இந்த பேச்சே பொருந்தாது, அவங்களுக்கு டாக்டர் சொல்ற அளவுதான்.

அடக்குறதுக்கு நேர் எதிரா இன்னொரு பழக்கம், எதுக்கும் ஒரு தடவ போயிட்டு வந்துடுவோம்னு அரை மணிக்கு ஒரு தடவ போறது. கேப் ஏறுறதுக்கு முன்னாடி போறது நியாயம், ஆனா நாள் பூரா வராமயே போய்ட்டு இருந்தா மூத்திரப்பை 100 மில்லிக்கே கூச்சல் போட பழகிடும். அப்படி பழகிட்டவங்க தோணுனதும் ஓடாம அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் பழக்கலாம். அவசரத்துல முக்கித் தள்ளுறதும் வேணாம், தானா வரட்டும். ஆபீஸ், மால் பாத்ரூம்ல வெஸ்டர்ன் டாய்லெட் மேல படாம அரைகுறையா குனிஞ்சு நின்னுட்டே போறோம் பாருங்க, அப்ப தொடையும் இடுப்பும் இறுக்கமா இருக்கிறதால இடுப்புக்கு அடியில மூத்திரப்பைய தாங்குற தசை தளராது, முழுசா காலியாகாம கொஞ்சம் உள்ளயே தங்கிடும். சீட்ட துடைச்சுட்டு இல்ல பேப்பர் போட்டு உக்காருங்க, நம்ம இந்தியன் டாய்லெட்ல முழுசா குத்த வெச்சு உக்காந்தா இந்த பிரச்சனையே இல்ல. கழுவுறதும் துடைக்கிறதும் முன்னாடில இருந்து பின்னாடிதான்.

ஆம்பளைங்க சிரிச்சுட்டு போயிடாதீங்க, உங்களுக்கு கிட்னி கல்லு இருக்கு. எங்க அத்தான் ஓசூர்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு தினம் பைக்ல வர்றவர், கல்லடைப்பு வந்து தரைல உருண்டாரு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பீர் குடி கல்லு கரைஞ்சுடும்னு சொல்லி அதுக்கு ஒரு பார்ட்டியே வெச்சாங்க. பீர் யூரின அதிகமா போக வைக்கும்ங்கிறது உண்மை, அப்படியே உடம்பையும் காய வெச்சுட்டுப் போயிடும், யூரிக் ஆசிட் வேற ஏறும். வாழத்தண்டு ஜூஸ், பார்லி தண்ணி குடிக்கிறதுல தப்பில்ல, தண்ணி கூடுதலா உள்ள போகுதுல்ல, ஆனா அதுவே கல்ல கரைக்கும்னு ஸ்கேன் எடுக்காம இருக்காதீங்க. இத்தாலில 1996ல வந்த ஆராய்ச்சி, முதல் தடவ கல்லு வந்த 199 பேர அஞ்சு வருஷம் பாத்தாங்க, தண்ணி அதிகம் குடிச்சவங்கள்ல 12 சதவீதம் பேருக்குதான் திரும்ப வந்துச்சு, மத்தவங்கள்ல 27 சதவீதம். கல்லு வந்தவங்களுக்கு டாக்டருங்க சொல்றது ஒரு நாளைக்கு குறைஞ்சது 2.5 லிட்டர் யூரின் வெளிய போகணும்னு, குடிக்கிறது இல்ல, போறது. அடக்கிட்டு வண்டி ஓட்டுறவங்களுக்கு இன்னொரு தகவல், யூரின அடக்குறப்போ கவனமும் யோசனையும் எப்படி மாறுதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்களுக்கு 2011ல இக் நோபல் குடுத்தாங்க, சிரிக்க வெச்சு அப்புறம் யோசிக்க வைக்கிற ஆராய்ச்சிக்கு குடுக்கிற பரிசு அது.

இதெல்லாம் பாத்ரூம் இருக்கிறவங்களுக்கு சொல்ற அட்வைஸ்னும் எனக்கு தெரியும். எங்க அப்பார்ட்மெண்ட்ல வேலைக்கு வர்ற அக்கா கோலார் தங்கவயல் தமிழ், காலைல ஏழுல இருந்து ரெண்டு மணி வரைக்கும் அஞ்சு வீடு. எங்கயும் பாத்ரூம் போகணுமான்னு யாரும் கேக்கல, நானும் ரெண்டு வருஷமா கேக்கல. டீ குடுத்தா பாதி குடிச்சுட்டு வெச்சுடுவாங்க, எனக்கு அது ஏன்னே உறைக்கல. இப்ப வந்ததும் போய்க்கோங்கன்னு சொல்லிட்டேன், முதல் வாரம் கூச்சப்பட்டாங்க.

நான் இப்ப பண்றது சிம்பிள்தான். எந்திரிச்சதும் ஒரு டம்ளர், ஆபீஸ் போனதும் 500 மில்லி பாட்டில் ஒண்ணு மதியத்துக்குள்ள காலி, சாப்ட்டு இன்னொண்ணு நாலரைக்குள்ள, கிளம்புறப்போ பாத்ரூம், வீட்டுக்கு வந்து ரசம் மோரோட சாப்பாடு, படுக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி நிறுத்திடறது. ராத்திரி இப்ப எந்திரிக்கிறதே இல்ல, இல்லன்னா ஒரு தடவ. மழை நாள்ல மட்டும் கேப் வேணாம்னு ஏழரை வரைக்கும் ஆபீஸ்லயே உக்காந்துடறேன்.

அம்மா போன மாசம் வந்திருந்தாங்க. நான் தூங்கி எந்திரிச்சு பால்கனிக்கு போனா, கோடு போட்ட அந்த பச்ச மக்குல தண்ணி மொண்டு கறிவேப்பிலை செடிக்கு ஊத்திட்டு இருக்காங்க, செடிக்குக் கூட அளந்து ஊத்துற பாருன்னு பெருமையா வேற சொன்னாங்க. கழுவித்தான் வெச்சிருந்தேன், அதனால ஒண்ணும் சொல்லல.