மத்தி வராத வாரம் கடல் காலியாகிவிடவில்லை

தருமபுரியில் மத்தி வராத வாரம், மீன் கடையில் "கடல்லயே மீன் இல்லீங்களாம்" என்று பேச்சு கிளம்பும். முதலில் காலண்டரைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் எங்கேயும் போயிருக்காது.

அடுத்த தவறு, ஒரு வருடக் கணக்கை வைத்து மீன் இடம் மாறிவிட்டது என்பது. கேரளத்தில் 2012-இல் நெய்மத்தி (நாம் மத்தி என்று வாங்குவதுதான்) பிடிபட்டது நான்கு லட்சம் டன்னை நெருங்கியது. 2021-இல் சுமார் 3,300 டன்தான். "எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம் ஓடிடுச்சு" என்றார்கள். 2023-இல் கேரளத்திலேயே மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது! எல் நினோவும் (பசிபிக் கடல் அவ்வப்போது வழக்கத்தைவிடச் சூடாவது) மழையும் மாறும்போது மத்தி இப்படி ஏறி இறங்கும். குஞ்சு மீனையும் சேர்த்து அள்ளினால் சரிவு இன்னும் மோசமாகும்.

உண்மையான இடமாற்றம் இவ்வளவு வேகமாக நடக்காது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை நெய்மத்தி பெரும்பாலும் கேரள, கர்நாடகக் கரையின் மீன். அப்புறம் வருடத்துக்கு வருடம் தமிழகக் கரையிலும், அதற்கு வடக்கே ஆந்திரப் பக்கமும் பிடிபடுவது கூடிக்கொண்டே வந்தது. அதே சமயம் மேற்குக் கரையை அது விட்டுவிடவும் இல்லை. வாழும் எல்லை அகலமானது, அவ்வளவுதான்.

கடல் சூடானால் மீனெல்லாம் வடக்கே போகும் என்று எழுதுகிறார்கள். அட்லாண்டிக்கில் பல மீன்களுக்கு அது சரி. நம் கடலுக்கு வடக்கே நிலம் அல்லவா மறிக்கிறது? ஆழத்துக்கு இறங்குவதும் ஒரு வழி. முன்பு மேல்தண்ணீர் மீனாக இருந்த அயிலை (கானாங்கெளுத்தி), இப்போது அடிமட்ட இழுவலைகளில் கூடுதலாகச் சிக்குகிறது.

சூட்டை மட்டும் கணக்கில் எடுப்பதும் தவறு. மத்தி தின்பது மிதவை நுண்ணுயிர்களை. தென்மேற்குப் பருவக்காற்று அடியிலிருக்கும் சத்தான குளிர்நீரை மேலே இழுத்துவந்தால்தான் அவை செழிக்கும்.

கடல் கதையை அப்படியே ஒகேனக்கல்லுக்குப் பொருத்துவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். மேலே அருவி, கீழே 1934 முதல் மேட்டூர் அணை. அந்த மீன் எங்கே போகும்? கிருஷ்ணகிரி அணையில் கட்லாவும் ரோகுவும் குறைந்தால், கடலைக் கேட்டுப் பயனில்லை. அந்த வருடம் குஞ்சு விட்டார்களா, தண்ணீர் நின்றதா என்று விசாரியுங்கள்.