கார்லிக் பிரெட் ரோல்: ஓசூர் குளிரிலும் தர்மபுரி வெயிலிலும்

கார்லிக் பிரெட் ரோல் செய்யச் சொல்லித்தரும் வீடியோ எதை எடுத்தாலும் "மாவை ஒரு மணி நேரம் மூடி வையுங்கள்" என்றுதான் வரும். அந்த ஒரு மணி நேரம் எந்த ஊர் சமையலறைக்கு என்று யாரும் சொல்வதில்லை. ஏப்ரல் மாதத் தர்மபுரியில் முக்கால் மணிக்குள் மாவு பொங்கி முடிந்திருக்கும், டிசம்பரில் ஓசூர், தளிப் பக்கம் இரண்டு மணி நேரம் ஆனாலும் இன்னும் கொஞ்சம் பொறு என்று உட்கார்ந்திருக்கும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தர்மபுரி அதில் பாதிதான். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பார்த்துச் செய்யப் பழகுங்கள். மற்றபடி சப்பாத்தி தேய்க்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எட்டு ரோலுக்கு என்ன வேண்டும்: மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், பால் 100 மில்லி, தண்ணீர் 80 மில்லி, வெண்ணெய் 25 கிராம். உள்ளே தடவுவதற்குத் தனியாக வெண்ணெய் 60 கிராம், பூண்டு 12 பல், ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, காரம் பிடித்தால் ஒன்றிரண்டாகப் பொடித்த காய்ந்த மிளகாய். கடையில் வாங்கும் உப்பு போட்ட வெண்ணெய் என்றால் மாவில் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளில் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

முதலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாலையும் தண்ணீரையும் கலந்து, சர்க்கரை கரைத்து, ஈஸ்டைத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள், மேலே நுரை கட்டினால் நல்ல ஈஸ்ட். கட்டவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட்டு வேறு பாக்கெட் வாங்குங்கள், மைதாவாவது மிஞ்சும். வெதுவெதுப்பான தண்ணீர் என்று எல்லோரும் சொல்வது குளிர் ஊருக்குச் சரி. ஓசூரில் ஜனவரியில் கண்டிப்பாகச் சூடு காட்ட வேண்டும், ஆனால் விரல் வைத்தால் சுடக்கூடாது, 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். கோடையில் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடுகிறது, அதை நேராகப் பிடிக்காமல் பானைத் தண்ணீரை ஊற்றுங்கள், ஈஸ்டையும் முக்கால் டீஸ்பூனாகக் குறைக்கலாம். பிரித்த பாக்கெட்டை இறுக்கமான டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அப்புறம் மைதா, உப்பு சேர்த்துப் பிசையுங்கள். ஆரம்பத்தில் கையெல்லாம் ஒட்டும், பார்த்தாலே பயமாக இருக்கும், உடனே மைதா டப்பாவைத் திறந்து தூவத் தோன்றும். தூவாதீர்கள். ஐந்து நிமிடம் விட்டுப் பிசைந்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும், அதற்குப் பிறகு 25 கிராம் வெண்ணெயைச் சேர்த்து உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி என்று இன்னொரு எட்டுப் பத்து நிமிடம். மாவு ரொம்ப இறுகலாக இருந்தால் தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்க்கலாம், சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக இருப்பதுதான் சரி. ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி எடுத்து, இரண்டு கைவிரலாலும் மெதுவாக விரித்துப் பாருங்கள். கிழியாமல் மெல்லிசாக விரிந்து ஜன்னல் வெளிச்சம் தெரிந்தால் பிசைந்தது போதும்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு ஈரத்துணியால் மூடி வையுங்கள். அளவு இரட்டிப்பாக வேண்டும், இட்லி மாவு பொங்குவதைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதில்லை. சந்தேகம் வந்தால் விரலில் மைதா தொட்டு மாவில் அரை அங்குலம் அழுத்துங்கள்: குழி சட்டென்று மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும், மெதுவாக ஏறிப் பாதியில் நின்றால் தயார், விரல் வைத்ததுமே மாவு பொசுக்கென்று இறங்கினால் நேரம் தாண்டிவிட்டது. ஓசூர்க்காரர்கள் அணைத்த ஓடிஜிக்குள் (கரண்டில் ஓடும் சின்ன அவன்) ஒரு கிண்ணம் கொதிநீருடன் சேர்த்து வைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

மாவு பொங்கும் நேரத்தில் பூண்டைக் கவனிக்கலாம். பச்சைப் பூண்டை மாவோடு சேர்த்துப் பிசையவே கூடாது. பூண்டை நசுக்கினால் உண்டாகும் அல்லிசின் ஈஸ்டை முடக்கிவிடும். பொடியாக நறுக்கி, வெண்ணெயில் சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை மட்டும் வதக்குங்கள், சிவக்க விட்டால் அடுப்பில் வேகும்போது கசக்கும். இறக்கி ஆறியதும் தழையும் மிளகாயும் சேர்த்து, தடவுகிற பதத்துக்கு உறையும்வரை வைத்திருங்கள், வெயில் காலத்தில் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில். உருகிய நிலையில் தடவினால் சுருட்டும்போது எல்லாம் வெளியே ஓடிவிடும். மேலே பூச இரண்டு ஸ்பூன் தனியாக எடுத்து வையுங்கள்.

பொங்கிய மாவைக் காற்றுப் போக அமுக்கி, ஒரு அடி நீளம், முக்கால் அடி அகலத்துக்குத் தேய்த்து, பூண்டு வெண்ணெயைத் தடவி, நீளவாக்கில் பாய் மாதிரி சுருட்டுங்கள். கத்தியால் வெட்டினால் ரோல் நசுங்கும். ஒரு நல்ல தையல் நூலைச் சுருளுக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்து குறுக்கே இழுங்கள், வட்டம் கெடாமல் அறுந்து வரும். எட்டு அங்குல கேக் டின்னில் நடுவில் ஒன்று, சுற்றி ஏழு. மறுபடி மூடி வைத்து, ஒன்றையொன்று தொடும் அளவுக்கு உப்பியதும் வேகவைக்கலாம்.

ஓடிஜி என்றால் 180 டிகிரியில் முன்கூட்டியே சூடேற்றி, நடுத் தட்டில் 20 நிமிடம் போல. பதினைந்தாவது நிமிடத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பாருங்கள், ஒவ்வொரு ஓடிஜிக்கும் ஒரு குணம். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற சூட்டிலேயே கொஞ்சம் வெந்துகொண்டிருக்கும்.

ஓடிஜி இல்லையா, கனமான பழைய பாத்திரத்தில் இரண்டு கப் உப்பைப் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, டின்னை உள்ளே இறக்கிச் சிறு தீயில் அரை மணி நேரம் வையுங்கள். இதில் மேல்பக்கம் சிவக்காது, அதனால் கடைசியில் தோசைக்கல்லில் கவிழ்த்து ஒரு நிமிடம் காட்ட வேண்டும்.

எடுத்ததும் சூட்டோடு சூடாக மீதி வெண்ணெயைப் பூசி, பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிய்க்கலாம். ராகி சேர்க்க நினைத்தால் 300 கிராமில் 40 கிராமை மாற்றலாம், அதற்கு மேல் போனால் மாவு இழுபடாது, மாவை இழுபட வைக்கும் க்ளூட்டன் என்ற புரதம் ராகியில் கிடையாது. மிஞ்சியதை டப்பாவில் மூடி வைத்து, மறுநாள் தோசைக்கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடி போட்டுச் சூடாக்கினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.