நேரலையில் நேயரோடு பேசுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வானொலியில் நேயர்களோடு போனில் பேசி நிகழ்ச்சி நடத்தும் ஆசையோடு வருகிற பிள்ளைகளிடம், இந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ‘நல்ல குரல்’ என்பார்கள். காது என்று சொல்பவர்கள் குறைவு. மதுரையில் பல வருடம் மைக் முன்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை சரியாகக் கேட்காததால் வருபவை.

அதில் பெரியது, மௌனத்துக்குப் பயப்படுவது. ஒரு காலை நிகழ்ச்சி. ‘உங்கள் வீட்டில் முதல் காபி யார் போடுவது?’ என்பது அன்றைய தலைப்பு. வாடிப்பட்டிப் பக்கமிருந்து ஓர் அம்மா பேசினார். “அவருதான் தம்பி போடுவாரு. டம்ளரை வெந்நியில அலசிட்டுத்தான் ஊத்துவாரு” என்றார். “கொடுத்து வச்சவங்கம்மா நீங்க! இன்னைக்குப் போட்டுட்டாரா?” என்றேன். பதில் இல்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சீக்கிரம் என்று கையைச் சுழற்றினார். “லைன் கட்டாயிருச்சு போல” என்று சிரித்தபடி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

லைன் கட்டாகவில்லை. போனில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பாட்டு ஓடும்போது எடுத்துப் பேசினேன். அவர் கணவர் தை மாதம் தவறிவிட்டாராம். ‘போடுவாரு’ என்ற சொல் நம் தமிழில் இன்றைக்கும் போடுகிறவருக்கும் பொருந்தும், முன்பெல்லாம் போட்டவருக்கும் பொருந்தும். அந்த அம்மா சொன்னது ஒன்று, என் காதில் விழுந்தது இன்னொன்று. “பரவால்ல தம்பி, பாட்டு நல்லாருக்கு” என்றார். இன்றும் ‘போடுவாரு’ என்று யாராவது சொன்னால் நான் ஒரு கணம் நிற்கிறேன்.

மூன்று விநாடி மௌனம் ஸ்டுடியோவுக்குள் மூன்று நிமிடம் போல இருக்கும். வீட்டில் கேட்பவருக்கு அப்படி இல்லை, யாரோ யோசிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியும். பொறுத்திருங்கள். முடியவில்லையா, “சொல்லுங்கம்மா, இருக்கேன்” என்ற ஒரு வார்த்தை போதும்.

அடுத்தது, அக்கறை என்று நினைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள். எந்த ஊர் என்று கேட்பது மரியாதை. அதற்கு மேல் ‘ஊருக்குள்ள எந்தப் பக்கம், எந்தத் தெரு?’ என்று போகாதீர்கள். உசிலம்பட்டியோ மேலூரோ, நம் கிராமங்களில் தெருவைக் கேட்பது பல நேரம் சாதியைக் கேட்பதுதான். ஊரா, காலனியா என்று கேட்டுவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் என்ன பதில் சொல்வது என்று தடுமாறுவார். அதை ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். குலதெய்வம் எது என்ற கேள்வியும் அப்படித்தான். பெண்கள் பேசினால் உடனே ‘கல்யாணம் ஆயிருச்சா, எத்தனை பிள்ளைங்க?’ என்று ஆரம்பிப்பதையும் விட்டுவிடலாம். அவரே சொன்னால் சந்தோஷமாகக் கேளுங்கள்.

பேச்சுவழக்கில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சென்னை எஃப்.எம். கேட்டு வளர்ந்த சிலர், மதுரைக்காரர்களாக இருந்தும் வேறு ஊர் ஆள் மாதிரி பேசுகிறார்கள். இன்னும் சிலர் சினிமாவில் வருகிற மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் அங்கிட்டு, இங்கிட்டு என்று திணித்து அடாவடியாகப் பேசுகிறார்கள். வீட்டில் பேசுவது போலப் பேசினால் போதும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசிவிட்டு நம்மோடு தமிழில் பேசுபவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். யாருடைய உச்சரிப்பையும் திரும்பச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

குறும்பு போன் நிகழ்ச்சி செய்யச் சொன்னால், 2012 டிசம்பரில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சிட்னி வானொலித் தொகுப்பாளர்கள் இருவர், பிரிட்டன் அரச குடும்பத்தார் போலக் குரலை மாற்றி லண்டன் மருத்துவமனை ஒன்றுக்குப் போன் செய்தார்கள். முதலில் போனை எடுத்து அதை நம்பிய செவிலியர் இந்தியாவில் பிறந்தவர். அந்த உரையாடல் ஒலிபரப்பாகி உலகம் முழுக்கப் பரவியது. சில நாட்களில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எதிரில் இருப்பவர் ‘சரி, போடுங்கள்’ என்று சொல்லாமல் அவர் குரலை ஒலிபரப்பவே கூடாது. சிரித்தார்தானே என்பது சம்மதம் ஆகாது.

சட்டப் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை போன்ற தகவல்களுக்குத் தடையில்லை. நேயர் ஒருவர் ‘அந்த ஆபீஸ்ல இன்னார் லஞ்சம் கேட்டார்’ என்று பேரோடு சொன்னால், நீங்கள் தலையாட்டிக்கொண்டிருக்க முடியாது. “பேர் வேண்டாம்ணே, பிரச்சினையைச் சொல்லுங்க” என்று மடக்குங்கள். குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமையைப் பற்றி யாராவது பேசினால் ஊர், பள்ளி, உறவு எதுவும் வெளியே வரக்கூடாது. போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. லைனை உடனே ஒலிபரப்பிலிருந்து எடுத்துவிட்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐச் சொல்லுங்கள்.

திருவிழா நாட்களில் இன்னும் கவனம். 2022-இல் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வைகைக் கரையில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்குள் போனில் எஃப்.எம். கேட்டபடி நிற்பவர்கள் உண்டு. ‘தண்ணி கூடுதலா வருது’, ‘அந்தப் பாலத்தை அடைச்சிட்டாங்க’ என்று நேயர் சொல்வதை, காவல்துறையிடம் விசாரிக்காமல் திரும்பச் சொன்னால் அது அறிவிப்பாகிவிடும்.

மருத்துவம், மனவேதனை பற்றிய போன்களில் நாமே டாக்டர் ஆகிவிடக்கூடாது. வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் தத்துவம் பேசாதீர்கள், பாட்டும் போடாதீர்கள். ஒலிபரப்பை நிலையத்தில் இன்னொருவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் அவரோடு லைனில் இருங்கள். மருத்துவ உதவிக்கான 104, மனநல உதவிக்கான 14416 எண்களைக் கொடுங்கள். வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. நேரலைக்குள் எடுக்கும் முன் நேயரிடம் ரேடியோ சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை என்றால், அது போன் வழியாகத் திரும்பி வந்து காதைக் கிழிக்கும். வண்டி ஓட்டிக்கொண்டே பேசுபவரை ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள். தினமும் அதே ஐந்தாறு பேருக்கே லைன் கிடைத்தால் புது நேயர் வரமாட்டார். பழைய நேயர்களிடம் அன்பாகச் சொல்லி இடைவெளி விடவையுங்கள்.

பிழைப்பு என்று பார்த்தால், ஒரே நிகழ்ச்சியை நம்பி இருப்பது தவறு. அகில இந்திய வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, ‘வாணி’ என்ற அறிவிப்பாளர் பயிற்சி எல்லாம் தாண்டினாலும் மாதத்தில் சில நாள்தான் பணி கிடைக்கும். தனியாரில் ஷிஃப்ட் மாறும், நேரம் மாறும். விளம்பரக் குரல், விழாத் தொகுப்பு, ஒலிப்பதிவு, எடிட்டிங் என்று கையில் இன்னொரு வேலை இருக்கட்டும். தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசிச் சமாளிக்காதீர்கள், அது தொண்டையை இன்னும் கெடுக்கும். விடுப்பு கேளுங்கள்.

அப்புறம், சொந்த போன் நம்பரை நேயர்களுக்குக் கொடுக்காதீர்கள். பெண் தொகுப்பாளர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பாசத்தோடு கேட்பவர்களே அதிகம், ஆனால் ஒருவர் தவறானவராக இருந்தாலும் ராத்தூக்கம் போய்விடும். நிலையத்தின் எண்ணைக் கொடுங்கள். தொல்லை வந்தால் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கே நிர்வாகத்திடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் பேசுங்கள்.

போனை முடிக்கும் விதத்தையும் பழகுங்கள். ‘நன்றி’ என்று பாதியில் வெட்டாமல், அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையிலிருந்து ஒன்றை எடுத்து விடைகொடுங்கள். ஃபேடரை இறக்கியதும் விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள். எரிந்துகொண்டிருந்தால் பாட்டு ஓடும்போது எடுத்து, “அம்மா, இன்னும் இருக்கீங்களா?” என்று கேளுங்கள்.