சவுண்ட் வால் கடிதம் வந்தால் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் ஹைவேயை ஒட்டிக் குடியிருக்கும் நம் குடும்பங்கள் நிறைய. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தெரு இரண்டாகப் பிரிந்துவிடும். இரைச்சல் தாங்கவில்லை, சத்தத்தைத் தடுக்கும் சுவர் (சவுண்ட் வால்) வேண்டும் என்பார்கள் சிலர். வெளிச்சமும் காற்றும் போய்விடும், வேண்டாம் என்பார்கள் சிலர். எங்கள் தெருவிலும் இதே கதைதான். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் சண்டையில் காட்டிய வேகத்தை யாருமே விதியைப் படிப்பதில் காட்டவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுவர் வேண்டுமா, வேண்டாமா என்று நெடுஞ்சாலைத் துறை கடிதத்தில் அனுப்பும் ஓட்டுச் சீட்டு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் காத்திருக்கிறார்கள். சீட்டு கடைசிக் கட்டத்தில்தான் வரும். சுவர் எங்கே, எவ்வளவு உயரம், யாருக்கு ஓட்டு என்பதெல்லாம் அதற்கு முன்பே ஒலி ஆய்வு அறிக்கையில் முடிவாகியிருக்கும். அந்த அறிக்கை திட்டத்தின் சுற்றுச்சூழல் ஆவணத்தோடு சேர்ந்தது. பொதுக்கூட்டம் நடக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

வாங்கியவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, போனில் டெசிபல் ஆப்பைத் திறந்து, லாரி போகும்போது 85 காட்டியது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது. அதிகாரிகள் பார்ப்பது ஒரு நொடியின் உச்சத்தை அல்ல, அதிக இரைச்சலான ஒரு மணி நேரத்தின் சராசரியை. வீடுகளுக்கான அளவுகோல் 67 டெசிபல். அதை நெருங்கினாலே சுவரைப் பரிசீலிக்க வேண்டும் என்பதால் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறையில் 66. அதிக இரைச்சல் உள்ள மணி நேரம் என்றால் டிராஃபிக் ஜாம் நேரம் என்று நினைக்காதீர்கள். வண்டிகள் நிறைய இருந்து, வேகமாகவும் ஓடும் நேரம்தான் அது. ஜாமில் வேகம் குறைந்தால் டயர் சத்தமும் குறைந்துவிடும்.

இன்னொன்று, முடிவு இன்றைய சத்தத்தை வைத்து எடுக்கப்படுவதில்லை. சாலை அகலமான பிறகு, வருங்காலத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதைக் கணினி மாதிரி கணக்கிடுகிறது. நேரில் அளப்பது, அந்தக் கணினி மாதிரியின் கணக்கு 3 டெசிபலுக்குள் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கத்தான். ஆகவே வாதாட வேண்டிய இடம் கணினி மாதிரிக்குள் என்ன போட்டிருக்கிறார்கள் என்பது. லாரிகளின் விகிதம் சரியா, வேகம் சரியா, உங்கள் மனை சாலையைவிட மேட்டில் இருப்பது பதிவாகியிருக்கிறதா, சத்தத்தைக் கணக்கிடும் புள்ளி ஒன்றை உங்கள் வீட்டுக்கு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் தெருக்கோடியில் மூன்று மாடி அபார்ட்மெண்ட் ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் அதன் தரைத்தளத்துக்கு மட்டும் புள்ளி இருந்தது. மூன்றாவது மாடி பால்கனியில் காபியோடு உட்கார்ந்தால் லாரியின் கூரையே தெரியும்! இதைப் படத்தோடு எழுத்தில் கேட்டோம், மேல்தளங்களையும் சேர்த்தார்கள். கூட்டத்தில் போட்ட கூச்சலால் நடக்காதது இரண்டு பக்கக் கடிதத்தால் நடந்தது.

“எங்க வீடும் அதே தூரம்தானே, பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஏன் சுவர்?” இந்தக் கேள்வியும் வரும். சத்தம் அதிகமாக இருந்தால் மட்டும் சுவர் கிடைத்துவிடாது. 23 சி.எஃப்.ஆர். 772 என்ற ஃபெடரல் விதிப்படி, சுவரால் குறைந்தது 5 டெசிபலாவது குறைய வேண்டும். மாநிலம் 7 முதல் 10 டெசிபலுக்குள் வைத்திருக்கும் இலக்கையும் எட்ட வேண்டும். செலவு, பயன்பெறும் வீடுகளின் எண்ணிக்கைக்குக் கட்டுப்படியாக வேண்டும். 1,000 அடி நீளம், 15 அடி உயரச் சுவர் என்றால் 15,000 சதுர அடி. பின்னால் 25 வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 600 சதுர அடிதான். பெரிய மனைகளில் 6 வீடுகள் மட்டும் என்றால் வீட்டுக்கு 2,500. அங்கேதான் சுவர் அடிபடுகிறது. வேறு காரணம் தேடி ஆளுக்கு ஆள் சந்தேகப்பட வேண்டாம்.

சரி, குறைகிற பணத்தை நாமே வசூல் செய்து கொடுத்துவிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் எழுந்து சொல்வார். ஃபெடரல் பணம் உள்ள திட்டத்தில் அது செல்லாது. செலவு தேறாத சுவரை வெளியார் பணத்தால் தேறவைக்க விதி இடம் கொடுப்பதில்லை. ஏற்கெனவே தேறிய சுவருக்கு அழகுவேலை, செடிகொடி போன்றவற்றுக்கு வேண்டுமானால் கொடுக்கலாம்.

புது வீடு வாங்குபவர்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். “பின்னாடி சவுண்ட் வால் வரும் சார்” என்று விற்பவர் சொன்னால் உடனே நம்பாதீர்கள். திட்டத்தின் சுற்றுச்சூழல் ஒப்புதல் கிடைத்த தேதிக்குப் பிறகு கட்டட அனுமதி பெற்ற வீடு என்றால், அதற்குத் தடுப்புத் தரும் பொறுப்பு நெடுஞ்சாலைத் துறைக்குக் கிடையாது. இரண்டு தேதிகளையும் ஒப்பிட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். சாலையை விரிவாக்கும் திட்டமே இல்லாத பழைய ஹைவே என்றால், அங்கே சுவர் எழுப்புவது மாநிலத்தின் விருப்பம் மட்டுமே.

சுவர் வந்தால் சத்தமே கேட்காது என்பதும் தவறு. சுமார் 200 அடிக்குள் இருக்கும் வீடுகளுக்குத்தான் நல்ல பயன். 10 டெசிபல் குறைந்தால் சத்தம் பாதியானது போல் காதுக்குத் தோன்றும், அவ்வளவுதான். ஒரு வரிசை மரம் நட்டால் போதும் என்பதும் நடக்காது. 10 டெசிபல் குறைய 200 அடி அகலத்துக்கு அடர்ந்த தோப்பு வேண்டும்.

கடைசியாக ஓட்டு. சுவரால் பயன்பெறும் வீட்டின் உரிமையாளர், குடியிருப்பவர் இருவரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது விதி. சங்கத் தலைவர் எல்லோருக்குமாகச் சேர்த்து ஓட்டுப்போட முடியாது. பதில் வராத சீட்டை எப்படி எண்ணுவது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில இடங்களில் பெரும்பான்மை வேண்டாம் என்றால்தான் சுவர் கைவிடப்படும், சில இடங்களில் பெரும்பான்மை வேண்டும் என்றால்தான் வரும். மின்னசோட்டாவில் சாலையை ஒட்டிய முதல் வரிசை வீடுகளின் ஓட்டுக்குப் பின்வரிசையைவிட மதிப்பு அதிகம். உங்கள் மாநிலக் கொள்கையில் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

எதிர்வீட்டு மதுரைக்கார அக்கா, “நாங்க வாடகைதானே தம்பி, வீட்டுக்காரருக்கு வந்திருக்கும்” என்றார். பீட்சா கூப்பனுக்கும் மளிகைக்கடை நோட்டீசுக்கும் நடுவில் அவர் பெயருக்கே கடிதம் கிடந்தது. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. என்ன டிக் செய்தார் என்று நான் கேட்கவில்லை. உறையை ஒட்டி, அன்றைக்கே இரண்டு பேரும் நடந்துபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம்.